போப்பின் ஊரில் சூரியனை அளந்த கோவில்: கலீலியோ கதை இவ்வளவுதானா?

ஆற்றுமணல்

போன டிசம்பரில் அண்ணன் மகளைப் பார்க்க இத்தாலியில் பொலோன்யாவுக்குப் போயிருந்தேன். அங்கேதான் படிக்கிறாள். ஊர் நடுவில் சான் பெத்ரோனியோ என்று ஒரு பெரிய ஆலயம். 1390இல் கட்டத் தொடங்கியது. முகப்பின் மேல்பாதி இன்றுவரை பூசாத செங்கல்லாகவே நிற்கிறது. உள்ளே நுழைந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தவனை, "சித்தப்பா, மேலே இல்ல, தரையைப் பாருங்க" என்றாள்.

இடது பக்க நடையின் தரையில் ஒரு பித்தளைக் கோடு பதித்திருக்கிறார்கள். அது ஆலயத்தின் போக்கில் போகாமல் சாய்ந்து, தூண்களை உரசாத குறையாகக் கடந்து போகிறது. நீளம் கிட்டத்தட்ட 67 மீட்டர். கூரையில் 27 மீட்டர் உயரத்தில் ஒரு துளை. நம் பத்து ரூபாய் நாணயம் அளவு. நண்பகலில் அதன் வழியே வரும் வெயில் கோட்டின் மேல் சூரியனின் உருவமாக விழுகிறது. சின்ன வட்டமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். குளிர்காலத்தில் வெயில் படுத்துக்கொண்டு வருவதால், கோட்டின் கடைசி முனையருகே ஏறத்தாழ ஆள் நீளத்துக்கு ஒரு முட்டை வடிவம் விழுந்தது. அது நகர்வது வெறும் கண்ணுக்கே தெரிகிறது. இரண்டரை நிமிடத்துக்குள் கோட்டைக் கடந்து போய்விட்டது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது, பொய் சொல்லவில்லை.

இதை அமைத்தவர் ஜொவான்னி தொமெனிகோ காசினி. சனிக்கோளின் வளையத்தில் உள்ள இடைவெளிக்குப் பெயர் கொடுத்தாரே, அவரேதான். ஆண்டு 1655. அப்போது அவருக்கு 30 வயது, அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் வானியல் பேராசிரியர். பொலோன்யா அப்போது போப்பின் நேரடி ஆட்சியில் இருந்த நகரம். கணக்குப் பாருங்கள்: கலீலியோவை ரோமில் மண்டியிட வைத்தது 1633. அதற்கு 22 ஆண்டுகள் கழித்து, அதே போப்பாட்சிக்குள், ஒரு கோவிலின் கூரையில் துளை போட்டுச் சூரியனை அளக்கிறார்கள். பாதிரியார்களும், இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவு அமைப்பின் அறிஞர்களும் கூட நின்று பார்க்கிறார்கள்.

பள்ளியில் நான் படித்த கதையில் ஒரு பக்கம் தொலைநோக்கி, இன்னொரு பக்கம் சிலுவை. அந்தக் கதைக்குள் இந்தத் துளையை எங்கே வைப்பது? அதுவும் காசினி அந்தக் கோட்டை வைத்து ஜெர்மன் வானியலாளர் கெப்ளர் சொன்னது சரி என்று காட்டிவிட்டார். அதாவது பூமி சூரியனைச் சுற்றுகிறது என்பது போப்பின் கோவில் தரையிலேயே நிரூபணமாகிவிட்டது!

சும்மா வந்தவன்

அருமை. ஆனால் அடிப்படைச் சந்தேகம். கோவிலுக்குச் சூரியன் எதற்கு?

மரியபுரத்தான்

ஈஸ்டருக்குத்தான். எங்கள் வீட்டில் புதுக் காலண்டர் வந்ததும் ஆத்தா முதலில் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதன் என்றைக்கு என்று தேடச் சொல்லும். கிறிஸ்துமஸ் மாதிரி ஒரே தேதியில் வராமல் இது ஏன் ஊர் சுற்றுகிறது என்று கேட்டால், "நிலாவைக் கேளு" என்ற பதில்தான் வரும். நிலா வரைக்கும் எனக்குத் தெரியும். அதற்கு மேல் யாராவது சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற கணக்கு

ஆத்தா சொன்னது பாதி. மீதி சூரியன்.

வசந்தகாலத்தில் பகலும் இரவும் சமமாக வரும் நாள் இருக்கிறதல்லவா, அதையொட்டியோ அதற்குப் பிறகோ வரும் முதல் முழுநிலவுக்கு அடுத்த ஞாயிறு ஈஸ்டர். பழைய திருச்சபை அந்தச் சமநாளை மார்ச் 21 என்று வைத்துக்கொண்டது. சிக்கல் ஜூலியன் நாட்காட்டியில் இருந்தது. அதில் ஆண்டு சரியாக 365¼ நாள். உண்மையான ஆண்டு அதைவிடச் சுமார் 11 நிமிடம் குறைவு. பதினொரு நிமிடம்தானே என்று விட்டால் 128 ஆண்டுக்கு ஒரு நாள் வழுக்கும். 16ஆம் நூற்றாண்டில் பார்த்தால் மார்ச் 21 என்று எழுதி வைத்த சமநாள் வானத்தில் மார்ச் 11க்கே வந்துவிட்டது. பத்து நாள் பிழை. தவக்காலமும் தப்பு, உயிர்ப்பு விழாவும் தப்பு. ஒரு பக்தருக்கு இது சின்ன விஷயமா?

தீர்வு சொன்னவர் தெற்கு இத்தாலியைச் சேர்ந்த லுயிஜி லீலியோ என்ற மருத்துவர். 1576இல் இறந்துவிட்டார், அவர் எழுதியதை அண்ணன் தம்பி உறவில் ஒருவர் ரோமுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். இயேசு சபையைச் சேர்ந்த கிளாவியஸ் அதற்குக் கணக்கு விளக்கமும் வாதமும் எழுதிக் காப்பாற்றினார். 400 ஆண்டில் 100 லீப் ஆண்டுக்குப் பதில் 97. போப் 13ஆம் கிரிகோரி 1582 பிப்ரவரி 24 தேதியிட்ட ஆணைமடலில் இதைச் சட்டமாக்கினார். அந்த ஆண்டு அக்டோபர் 4, வியாழக்கிழமை தூங்கப் போனவர்கள் 15ஆம் தேதி வெள்ளிக்கிழமை எழுந்தார்கள்.

சரி, புது நாட்காட்டி உண்மையில் வானத்தோடு ஒட்டிப் போகிறதா என்று எப்படிச் சோதிப்பது? சூரியன் சமநாளைத் தொடும் நொடியை ஆண்டுக்கு ஆண்டு அளக்க வேண்டும். துளை எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு நுணுக்கமாக அளவு கிடைக்கும். உயரமாக, இருட்டாக, அசையாமல் நிற்கும் கட்டடம் அந்தக் காலத்து ஊரில் எது? அதுதான் பதில், தம்பி.

காசினிக்கு முன்பே அதே ஆலயத்தில் எஞ்ஞாசியோ தாந்தி என்ற தொமினிக்கன் துறவி 1570களில் ஒரு கோடு போட்டார். அது சரியான வடக்கு நோக்கி இல்லை. நடுவில் தூண்கள் மறித்தன. பிறகு கட்டடத்தை நீட்டியபோது அவர் துளை போட்ட சுவரே போய்விட்டது. அதற்குப் பதிலாகத்தான் காசினி புதிதாகப் போட்டார். தூண்களுக்கு நடுவே நேர்க்கோடு போகவே முடியாது என்று சொன்னவர்கள் உண்டு. தாந்தி வத்திக்கானில் காற்றுக் கோபுரத்திலும் ஒரு கோடு அமைத்தார். போப்பே வந்து பத்து நாள் பிழையைத் தரையில் பார்த்தார் என்று சொல்வார்கள்.

குறுக்குக்கேள்வி

எல்லாம் சரி. ஆனால் இந்த இழை எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிகிறது. "திருச்சபை அறிவியலை வளர்த்தது" என்று இப்போது ஒரு புது மோஸ்தர். வெள்ளையடிப்பு என்றால் கோபம் வரும், ஆனாலும் சொல்கிறேன்.

1600 பிப்ரவரி 17, ரோமில் தத்துவவாதி ஜோர்தானோ புரூனோவை உயிரோடு எரித்தார்கள். 1616இல், பூமி சூரியனைச் சுற்றுகிறது என்ற கோப்பர்நிக்கஸ் புத்தகத்தைத் "திருத்தும் வரை" நிறுத்தி வைத்தார்கள். 1633 ஜூன் 22இல், 69 வயதுக் கிழவர் கலீலியோவைச் சித்திரவதை செய்வோம் என்று மிரட்டி, தான் எழுதியதைத் தானே சபிக்க வைத்தார்கள். சாகும்வரை வீட்டுக் காவல். கோவில் தரையில் ஒரு பித்தளைக் கோடு இதையெல்லாம் அழித்துவிடுமா? ஈஸ்டர் தேதிக்காக வானியலாளருக்குச் சம்பளம் கொடுத்தது அறிவியல் பாசமல்ல. வேலைக்கு ஆள் வைத்துக்கொண்டது. தன் வேலைக்கு வேண்டியதை அளக்கலாம், அதற்கு மேல் வாயைத் திறக்கக் கூடாது. அவ்வளவுதான்.

வெள்ளிக்கோல்

சண்டை தொடங்கும் முன் ஒரு திருத்தம். ஆற்றுமணல், முதல் பதிவின் கடைசி வரி தப்பு. காசினி பூமி சுற்றுகிறது என்று நிரூபிக்கவில்லை. அவர் நிரூபித்தது வேறு. என் கண்ணுக்கு அது இன்னும் சுவாரசியமானது.

மார்ச் சமநாளிலிருந்து செப்டம்பர் சமநாள் வரை சுமார் 186 நாள். அங்கிருந்து திரும்ப மார்ச் வரை 179 நாள்தான். சூரியன் கோடையில் மெதுவாகவும் குளிரில் வேகமாகவும் போவது போலத் தெரிகிறது. பழைய வானியலில் கோள்கள் சீரான வேகத்தில்தான் போக வேண்டும். அதனால் அவர்கள் சொன்ன விளக்கம்: சூரியன் ஒரே வேகத்தில் வட்டமிடுகிறது, நாம்தான் அந்த வட்டத்தின் மையத்தில் இல்லை. தூரமாக இருக்கும்போது மெதுவாகப் போவது போலத் தெரியும். முழு வித்தியாசமும் தூரத்தால் வந்தது.

கெப்ளர் சொன்னது: பாதிதான் தூரத்தால். மறுபாதி நிஜமாகவே வேகம் கூடிக் குறைவதால்.

இரண்டையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? தூரம் மாறினால் சூரியனின் தோற்ற அளவு மாறும். பழைய கணக்குப்படி குளிருக்கும் கோடைக்கும் இடையே சூரியனின் அகலம் சுமார் 7 சதவீதம் மாற வேண்டும். கெப்ளர்படி ஏறத்தாழ 3½ சதவீதம். அண்ணாந்து பார்த்து இதை அளக்க முடியாது. ஆனால் 27 மீட்டர் உயரத்திலிருந்து விழும் உருவத்தைத் தரையில் அளக்கலாம். அதுவும் லேசான வேலையல்ல. உருவத்தின் விளிம்பு மங்கலாக இருக்கும், துளையின் அகலத்தைக் கழிக்க வேண்டும், காற்று ஒளியை வளைப்பதற்கும் திருத்தம் போட வேண்டும். காசினிக்குக் கிடைத்த விடை சிறிய எண்: கெப்ளர் சொன்ன பாதி.

அதாவது "வானத்தில் எல்லாம் சீரான வேகம்" என்ற இரண்டாயிரம் ஆண்டுக் கொள்கை அங்கே விழுந்தது. ஆனால் சுற்றுவது சூரியனா பூமியா என்பதை இந்த அளவு சொல்லாது. யார் யாரைச் சுற்றினாலும் இடையிலுள்ள தூரம் ஒன்றுதானே. அதனால்தான் இயேசு சபை வானியலாளர்களான ரிச்சோலியும் கிரிமால்தியும் நிம்மதியாக அதை ஏற்றுக்கொள்ள முடிந்தது.

ஆற்றுமணல்

ஒப்புக்கொள்கிறேன். உற்சாகத்தில் ஒரு படி தாண்டிவிட்டேன். முதல் பதிவைத் திருத்தாமல் அப்படியே விடுகிறேன். இல்லாவிட்டால் உங்கள் பதில் அந்தரத்தில் தொங்கும்.

குறுக்குக்கேள்விக்கு: 1633ஐ அழிக்க நான் வரவில்லை. இரண்டும் ஒரே காலத்தில், ஒரே ஆட்சியில் நடந்திருக்கின்றன. இரண்டையும் சேர்த்து விளக்கும் கதை எது என்பதுதான் என் கேள்வி.

ஏட்டுச்சுரைக்காய்

நான் படித்த வரையில் சொல்கிறேன். நீளும், மன்னியுங்கள்.

கோப்பர்நிக்கஸ் ஒரு ஆலயக் குருமன்றத்தின் உறுப்பினர். 1496இல் படிக்க வந்ததும் இதே பொலோன்யாவுக்குத்தான். திருச்சபைச் சட்டம் படித்துக்கொண்டே ஒரு வானியல் ஆசிரியரோடு சேர்ந்து நட்சத்திரம் பார்த்தார். 1543இல் வந்த புத்தகத்தை அன்றைய போப்புக்கே காணிக்கையாக்கினார். அந்தக் காணிக்கை உரையிலேயே, ஆண்டின் நீளம் சரியாகத் தெரியாததால்தான் நாட்காட்டிச் சீர்திருத்தம் நின்றுபோனது என்று எழுதுகிறார். அதற்குப் பிறகு 70 ஆண்டுக்கு மேல் அந்தப் புத்தகத்தின் மேல் ரோம் கை வைக்கவில்லை. 1611இல் கலீலியோ ரோமுக்குப் போனபோது, கிளாவியஸும் அவருடைய இயேசு சபைச் சகாக்களும் வியாழனின் நிலவுகளைத் தாங்களே பார்த்து உறுதி செய்தார்கள். விழா எடுத்துப் பாராட்டினார்கள்.

ஐந்தே ஆண்டில் எல்லாம் தலைகீழ். ஏன்? வானத்தில் எதுவும் மாறவில்லை. பேச்சு வேறு இடத்துக்குப் போய்விட்டது: வேதாகமத்துக்குப் பொருள் சொல்லும் உரிமை யாருக்கு? லூத்தரன் கலகத்துக்குப் பிறகு கூடிய கத்தோலிக்க ஆயர்களின் பேரவையான திரெந்து சங்கம் 1546இலேயே கதவை மூடியிருந்தது. பழைய திருச்சபைத் தந்தையர் ஒருமித்துச் சொன்ன பொருளுக்கு மாறாக எவரும் தன் போக்கில் விளக்கக் கூடாது. ஐரோப்பாவில் பாதி கைவிட்டுப் போன நேரத்தில், கலீலியோ என்ற கணித வித்தகர், குருவும் அல்ல, இறையியல் படித்தவரும் அல்ல, வேதாகமத்தில் யோசுவா சூரியனை நிறுத்திய இடத்துக்கு எப்படிப் பொருள் கொள்ள வேண்டும் என்று பாடம் எடுக்கிறார். மேலே எப்படிப் போவது என்பதைத்தான் தூய ஆவி சொல்லித் தருகிறார், மேலே உள்ளவை எப்படிப் போகின்றன என்பதையல்ல என்று ஒரு கர்தினால் சொன்னதையே எடுத்துக் காட்டுகிறார். எனக்குப் பிடித்த வாதம். ஆனால் அன்றைய ரோமின் காதில் அது லூத்தர் குரலாக விழுந்திருக்கும்.

கர்தினால் பெல்லார்மின் 1615 ஏப்ரலில் ஒரு துறவிக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. அதன் சாரம்: பூமி சுற்றுகிறது என்பதற்கு மெய்யான நிரூபணம் இருந்தால், வேதாகம வாசகத்தை நாம்தான் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்று சொல்ல வேண்டியிருக்கும். ஆனால் அப்படியொரு நிரூபணத்தை எனக்கு யாரும் காட்டவில்லை.

அது நியாயமான பேச்சா, தந்திரமா? இரண்டும்தான் என்பேன். நிரூபணம் உண்மையிலேயே இல்லை. கலீலியோ நம்பிக் கையில் வைத்திருந்த பெரிய துருப்புச்சீட்டு, கடல் ஏறி வற்றுவது பூமியின் அசைவால்தான் என்பது. அது தப்பு. நிலவுக்கு அதில் பங்கு உண்டு என்று கெப்ளர் சொன்னதை அவர் சிறுபிள்ளைத்தனம் போல ஒதுக்கினார்.

வெள்ளிக்கோல்

இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பூமி சுற்றினால் ஆறு மாத இடைவெளியில் நட்சத்திரங்கள் இடம் மாறித் தெரிய வேண்டும். தெரியவில்லை. அப்படியானால் அவை நினைத்துப் பார்க்க முடியாத தூரத்தில் இருக்க வேண்டும். ஆனால் நட்சத்திரங்களுக்கு ஓரளவு அகலம் இருப்பது போலக் கண்ணுக்குத் தெரிகிறது. அவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு அந்த அகலம் தெரிய வேண்டுமானால், ஒவ்வொரு நட்சத்திரமும் பூமியின் சுற்றுப்பாதை அளவுக்குப் பூதாகாரமாக இருக்க வேண்டும் என்று டென்மார்க் வானியலாளர் டைகோ பிராகே கணக்குப் போட்டுக் காட்டினார். கச்சிதமான வாதம். அந்த அகலம் வெறும் தோற்றம், ஒளி பரவுவதால் வருவது என்பது 19ஆம் நூற்றாண்டில்தான் தெளிந்தது.

அப்போது கோப்பர்நிக்கஸ் கட்சியைச் சேர்ந்த ரோத்மன் என்ன பதில் சொன்னார் தெரியுமா? கடவுளின் மாட்சிமைக்கு எதுதான் பெரிது, அவ்வளவு பெரிய நட்சத்திரங்களை அவர் படைத்திருக்கக் கூடாதா என்றார். கணக்குச் சொன்னவர் பூமி அசையாது என்றார். கடவுளை இழுத்தவர் பூமி அசைகிறது என்றார். பள்ளிக்கூடக் கதையில் இதை எந்தப் பக்கம் எழுதுவது?

சும்மா வந்தவன்

தலை சுற்றுகிறது. பூமி சுற்றுவதாலா என்று தெரியவில்லை.

குறுக்குக்கேள்வி

ரோத்மன் விஷயம் எனக்குப் புதிது. நன்றி, வெள்ளிக்கோல். ஆனால் விடுவதாக இல்லை.

நிரூபணம் இல்லாதது உண்மை என்றே வைத்துக்கொள்வோம். நிரூபணம் இல்லாத கருத்துக்கு அறிவுலகம் தரும் தண்டனை "இன்னும் போதவில்லை" என்ற பதில். காவல் அல்ல. 1633 செய்தி காதில் விழுந்ததும், நெதர்லாந்தில் பத்திரமாக உட்கார்ந்திருந்த பிரெஞ்சுத் தத்துவவாதி தெகார்த்தே, எழுதி முடிக்கும் நிலையில் இருந்த உலகம் பற்றிய நூலை வெளியிடாமல் நிறுத்தினார். அது அவர் இறந்த பிறகு 1664இல்தான் வந்தது. போப்பின் கை எட்டாத இடத்தில் இருந்தவருக்கே இந்த நடுக்கம் என்றால் உள்ளே இருந்தவர்கள் என்ன ஆனார்கள்?

உங்கள் ரிச்சோலியையே எடுங்கள். 1651இல் பூமி சுற்றுவதற்கு ஆதரவாக 49 வாதம், எதிராக 77 வாதம் என்று பட்டியல் போட்டார். அந்த 77இல் எத்தனை அவர் மனதார எழுதியது, எத்தனை மேலிடத்துக்காக எழுதியது? யாருக்கும் தெரியாது, ஏனென்றால் அவர் வேறு மாதிரி எழுதியிருக்கவே முடியாது. சுதந்திரம் இல்லாத இடத்தில் ஒருவர் "ஒப்புக்கொள்கிறேன்" என்று சொல்வதற்கு எடை கிடையாது. கோப்பர்நிக்கஸ், கலீலியோ பெயர்கள் திருச்சபை தடைசெய்த நூல்களின் பட்டியலிலிருந்து முழுதாகப் போனது 1835 பதிப்பில். நீராவி ரயிலே ஓடத் தொடங்கிவிட்ட பிறகு!

ஏட்டுச்சுரைக்காய்

1835 பற்றி மறுப்பே இல்லை, வெட்கக்கேடுதான். சுதந்திரம் பற்றிச் சொன்னதும் வலுவான வாதம். அதை நான் வெட்டப் போவதில்லை.

ஆனால் ரிச்சோலியைக் கோழை என்று எழுதிவிடாதீர்கள். பொலோன்யாவின் அசினெல்லி கோபுரம் 97 மீட்டர். அதன் மேலிருந்து உருண்டைகளைப் போட்டு, ஊசலை வைத்து நேரம் எண்ணி, விழும் பொருளைப் பற்றிக் கலீலியோ சொன்ன விதி சரி என்று அளந்து எழுதியவர் அவர். தனக்குப் பிடிக்காத ஆளின் விதியைச் சரி என்று பதிவுசெய்ய நேர்மை வேண்டும். அவரும் கிரிமால்தியும் வரைந்த நிலவுப் படத்தில் பெரிய, பளிச்சென்ற பள்ளங்களில் ஒன்றுக்குக் கோப்பர்நிக்கஸ் பெயர். பக்கத்திலேயே கெப்ளர். இரண்டும் 'புயல் கடல்' என்று பெயரிட்ட நிலவுப் பகுதியில் இருப்பதால், கேட்டால் "புயல் கடலில்தானே தூக்கிப் போட்டேன்" என்று சமாளிக்கலாம். நாம் இன்றும் அந்தப் பெயர்களைத்தான் பயன்படுத்துகிறோம்.

தடை நடைமுறையில் எப்படி இருந்தது என்பதும் வேடிக்கை. 1620இல் கோப்பர்நிக்கஸ் புத்தகத்தில் எந்தெந்த வரியை அடிக்க வேண்டும் என்று பட்டியல் வந்தது. மிஞ்சியிருக்கும் பிரதிகளைத் தேடிப் பார்த்ததில், இத்தாலியில் இருந்தவற்றில் பாதிக்கு மேற்பட்டவை அடிக்கப்பட்டிருக்கின்றன. இத்தாலிக்கு வெளியே கத்தோலிக்க நாடுகளில்கூட மிகச் சிலதான். கலீலியோவின் சொந்தப் பிரதியில் அவர் அடித்திருக்கும் அழகைப் பார்க்க வேண்டும்: கீழே உள்ள எழுத்து நன்றாகப் படிக்கும்படி மெல்லிய கோடு.

மரியபுரத்தான்

அந்த மெல்லிய கோட்டைக் கேட்டதும் சிரித்துவிட்டேன். எங்கள் பங்கில் தடை போட்ட நாடகங்களும் அப்படித்தான் நடக்கும்.

ஒன்று கேட்கிறேன். பேச்செல்லாம் கத்தோலிக்கரைச் சுற்றியே போகிறது. புராட்டஸ்டன்ட் பக்கம் எல்லாம் சுமுகமா?

ஓய்வுபெற்ற கணக்கு

நல்ல கேள்வி. நாட்காட்டியையே பாருங்கள். கணக்குச் சரி என்று எல்லா வானியலாளருக்கும் தெரியும். ஆனால் போட்டவர் போப். அதனால் புராட்டஸ்டன்ட் ஜெர்மனி 1700 வரை எடுத்துக்கொள்ளவில்லை. இங்கிலாந்து 1752 வரை. கெப்ளரின் ஆசிரியர் மேஸ்ட்லினே புதிய நாட்காட்டியை எதிர்த்து எழுதினார். கெப்ளர் லூத்தரன்தான், ஆனால் 1613இல் ரேகன்ஸ்பர்க்கில் கூடிய பேரரசு மன்றத்தில் நின்று, இதை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று வாதாடினார். கேட்கவில்லை.

1700இல் ஜெர்மன் புராட்டஸ்டன்டுகள் மாறியபோதும் வீம்பு போகவில்லை. தேதிகளை எடுத்துக்கொண்டார்கள், ஈஸ்டர் கணக்கை மட்டும் எடுக்கவில்லை. போப்பின் வாய்பாட்டுக்குப் பதில் கெப்ளரின் அட்டவணைகளை வைத்து நேரடி வானியலில் கணக்கிட்டார்கள். விளைவு, 1724இலும் 1744இலும் பக்கத்துப் பக்கத்து ஊரில் ஒரு வாரம் தள்ளி ஈஸ்டர். சுவீடன் இன்னும் ஒரு படி மேலே. மெதுவாக மாறலாம் என்று 1700இல் ஒரு லீப் நாளை விட்டார்கள். அப்புறம் போர்க்காலத்தில் திட்டத்தை மறந்து, உலகத்தில் யாரோடும் ஒட்டாத நாட்காட்டியில் 12 ஆண்டு ஓட்டினார்கள். கடைசியில் பழையபடியே இருந்துவிடலாம் என்று 1712இல் பிப்ரவரிக்கு 30 நாள் வைத்தார்கள். வகுப்பில் இதைச் சொன்னால் ஒரு பயல் நம்பமாட்டான்.

ஏட்டுச்சுரைக்காய்

சார் சொன்னதோடு கெப்ளரின் சொந்த வாழ்க்கையையும் வைக்கலாம். குருவாகப் படித்தவர். படைப்பில் இறைவனின் திட்டத்தை வாசிக்கிறேன் என்ற நம்பிக்கையில்தான் கணக்குப் போட்டார். பக்தியை உருவிவிட்டால் அவருடைய வானியலே நிற்காது. அப்படிப்பட்டவருக்கு 1612இல் லின்ஸ் நகரில் அவருடைய சொந்த லூத்தரன் சபையே நற்கருணை மறுத்தது. வானியலால் அல்ல, நற்கருணையில் கிறிஸ்துவின் உடல் எப்படி இருக்கிறது என்ற கோட்பாட்டு வாசகத்தில் முழுமனதாகக் கையெழுத்திட மறுத்ததால். கத்தோலிக்கரும் லூத்தரனும் கால்வின் வழியாரும் மாறி மாறி இழுக்க, நடுவில் நின்ற ஆள். இது போதாதென்று தாய் மீது சூனியக்காரி என்று வழக்கு. 14 மாதம் சிறை. மகனே போய் வாதாடி 1621இல் மீட்டார். வெளியே வந்த கிழவி அடுத்த ஆண்டே இறந்துபோனாள்.

இன்னொருவர் ஸ்பெயின் மருத்துவர் செர்வேத்துஸ். இரத்தம் இதயத்தின் வலப்புறத்திலிருந்து நுரையீரல் வழியாக இடப்புறம் போகிறது என்று ஐரோப்பாவில் முதலில் அச்சில் எழுதியவர். எந்தப் புத்தகத்தில்? ஓர் இறையியல் நூலில். உயிர்மூச்சு உடலுக்குள் எப்படி நுழைகிறது என்று விளக்கும் இடத்தில் நுரையீரல் வருகிறது. 1553இல் புராட்டஸ்டன்ட் தலைவர் கால்வினின் ஜெனீவா அவரை எரித்தது. குற்றம் நுரையீரல் அல்ல, திரித்துவத்தை மறுத்த தப்பறை. புத்தகத்தில் மூன்று பிரதிதான் தப்பியது. இவருக்கு மதம் ஒரு பெட்டி, அறிவியல் இன்னொரு பெட்டி என்று சொன்னால் அவருக்கே புரிந்திருக்காது. அந்தப் பெட்டிகளை நாம் பிற்பாடு செய்து அவர்கள் தலையில் வைத்தோம். "மதமும் அறிவியலும் ஓயாத போர்" என்ற கதையைப் பரப்பியவர்கள் டிரேப்பரும் ஒயிட்டும். அமெரிக்கர்கள், 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி.

குறுக்குக்கேள்வி

புரூனோ வழக்கிலும் இதையே சொல்லித் தப்பிப்பீர்கள் என்று தெரியும்: "குற்றச்சாட்டு பெரும்பாலும் இறையியல், வானியல் அல்ல." சரி, அப்படியே இருக்கட்டும். இறையியலுக்காக எரித்தால் மட்டும் சும்மாவா? எரிந்தவனுக்கு என்ன வித்தியாசம்?

ஏட்டுச்சுரைக்காய்

எந்த வித்தியாசமும் இல்லை. இதற்கு என்னிடம் மறுமொழியும் இல்லை.

ஆற்றுமணல்

குறுக்குக்கேள்வி கொஞ்சம் முன்னால் ஒன்று சொன்னார்: தன் வேலைக்கு வேண்டியதை அளக்கலாம், அதற்கு மேல் பேசக் கூடாது என்று. அது எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. நான் தேடிய கதை கிட்டத்தட்ட அதுதான் என்று இப்போது தோன்றுகிறது, ஒரு திருத்தத்தோடு. அளக்கச் சொன்னவர்களுக்கு அளவு எங்கே போய் நிற்கும் என்று தெரியாது. ஈஸ்டருக்காகப் போட்ட துளை, வானத்தில் வேகம் சீரானதல்ல என்று காட்டிவிட்டது. ரோமில் 1702இல் போப் 11ஆம் கிளெமெண்ட் சொல்லி, சாந்தா மரியா தெல்யி ஆஞ்செலி ஆலயத்தில் பியான்கினி போட்ட கோடும் நாட்காட்டியைச் சோதிக்கத்தான். 1755இல் பிளாரன்ஸ் பேராலயத்தின் பழைய துளையைத் தூசி தட்டி எடுத்த இயேசு சபையார் சிமெனெஸ், பூமியின் அச்சுச் சாய்வு காலப்போக்கில் மாறுகிறதா என்று பார்க்கத் தொடங்கிவிட்டார். ஈஸ்டருக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

ஒரு கிளைக்கதை. பாரிசில் சான் சுல்பிஸ் ஆலயத்திலும் இப்படி ஒரு கோடு இருக்கிறது. சுவரோரம் ஒரு கல்தூணில் ஏறி முடியும். அந்த ஊர்ப் பங்கு குரு ஈஸ்டருக்காகத் தொடங்கியது, 1743இல் வானியலாளர்கள் செம்மையாக்கினார்கள். பரபரப்பு நாவல் படித்துவிட்டு ஏதோ ரகசியச் சங்கத்தின் அடையாளம் என்று தேடி வருகிறவர்கள் ஏராளம். உண்மைக் கதை அதைவிட நன்றாக இருக்கிறது என்று யாராவது அவர்களுக்குச் சொன்னால் தேவலை.

சும்மா வந்தவன்

நான் வரும் அக்டோபர் கடைசியில் ஒரு குழுவோடு இத்தாலி போகிறேன். பொலோன்யாவில் அரை நாள்தான். எத்தனை மணிக்கு உள்ளே நிற்க வேண்டும்? பன்னிரண்டுக்குத்தானே?

வெள்ளிக்கோல்

பன்னிரண்டு என்று நம்பிப் போனால் ஏமாறுவீர்கள். பொலோன்யா அதன் நேர வலயத்தின் மையத்துக்கு மேற்கே இருப்பதால் சுமார் 15 நிமிடம் தாமதம். அக்டோபர் கடைசியில் சூரியன் கடிகாரத்தைவிட 16 நிமிடம் முந்தியிருக்கும். இதில் கோடைநேரக் கணக்கும் சேரும். அக்டோபரின் கடைசி ஞாயிறுக்கு முன் போனால் மதியம் 12:58. அன்றோ அதற்குப் பிறகோ போனால் 11:58. டிக்கெட்டைப் பார்த்துச் சொல்லுங்கள்.

சும்மா வந்தவன்

அய்யோ, அந்த ஞாயிறேதான்.

ஓய்வுபெற்ற கணக்கு

அப்படியானால் 11:58, தம்பி. பத்து நிமிடம் முன்னதாகவே போய் நில்லுங்கள். ஆனால் ஞாயிறு என்பதால் பூசை நேரம் விசாரித்துக்கொள்ளுங்கள். அது நடக்கும்போது சுற்றிப் பார்க்க வருகிறவர்களை உள்ளே விடுவார்களா என்று தெரியவில்லை.

குறுக்குக்கேள்வி

பார்த்தீர்களா, கடைசியில் பூசைதான் குறுக்கே வருகிறது.

போனால் ஒரு அளவு நாடா எடுத்துப் போங்கள். உருவத்தின் அகலத்தை, நீளத்தை அல்ல, குறுக்கு அகலத்தை அளந்து இங்கே போடுங்கள். டிசம்பரில் ஆற்றுமணலின் அண்ணன் மகள் ஒன்று, ஜூலையில் இன்னொன்று அளந்தால், அந்த 3½ சதவீதம் வருகிறதா என்று நானே கணக்குப் போட்டுப் பார்க்கிறேன்.